உசிலம்பட்டிக்காரர் பார்த்த இரண்டு படிவங்கள்

ராசா, போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்து, "அம்மா, எங்க ஜாவா அப்ளிகேஷன்ல ஒரு எக்ஸ்பெரிமென்ட் லைப்ரரி சேக்கச் சொல்லிருக்காங்க. நீ முன்னாடி ஒண்ணு சேத்திருக்கேல்ல, எப்படிப் பண்ணுன?" என்று கேட்டாய். பத்து நிமிஷம் பதில் சொன்னேன். லைப்ரரியின் ஜார் ஃபைலை எங்கே போடுவது, ஃபில்டரை எந்த வரிசையில் எழுதுவது, எதை எதைச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் சொன்னேன். நீ "சூப்பர்மா" என்று வைத்துவிட்டாய். வைத்ததும் அப்பா, "பாதியத்தான சொன்ன?" என்றார். பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர் என்பது உனக்குத் தெரியும். மீதிப் பாதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், நடுவில் விட்டுவிடாமல் படி.

நீ பிளஸ் டூ எழுதிவிட்டு மார்க்குக்காகக் காத்திருந்த அந்தக் கோடைகாலம் ஞாபகம் இருக்கிறதா? திருநகர் வீட்டு ஹாலில் நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழே படுத்துக் கிடந்தாய். நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே பதினான்கு பேர், அதில் பெண்கள் இரண்டே பேர். எல்லோரையும்விட எனக்குத்தான் வயது அதிகம். ஒரு அறக்கட்டளைக்காக ஒரு இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு நர்சிங் படிப்பும் விடுதியும் இலவசமாகக் கொடுக்கிற அறக்கட்டளை அது. பிள்ளைகள் இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். நம் ஊரில் அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? எல்லோரும் நெட் சென்டருக்குப் போய், அங்கே இருப்பவரை வைத்துத்தான் நிரப்பினார்கள். அது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்திருந்தும் அதை யோசிக்காமல் விட்டேன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டுக் கிளையன்ட் எங்கள் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எழுதி வைத்திருந்த ஒரு லைப்ரரியை அனுப்பி, இதை நடப்பில் இருக்கிற ஏதாவது ஒரு தளத்தில் சேர்த்துக் காட்டுங்கள், நன்றாக இருந்தால் பெரிய வேலை தருகிறோம் என்றார்கள். அது என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். அப்பாவும் இதைப் படிக்கப்போகிறார் என்பதால் முழுசாகவே எழுதுகிறேன். ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் காட்டி, எதில் அதிகம் பேர் விண்ணப்பத்தை முடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. பார்க்கிறவர்களுக்குத் தாங்கள் சோதனையில் இருப்பது தெரியக் கூடாது. தெரிந்தால் முடிவு கெட்டுப்போகும் என்று லைப்ரரியோடு வந்த குறிப்பிலேயே எழுதியிருந்தது.

அறக்கட்டளைத் தளத்தில் இதைச் சேர்க்கலாம் என்று சொன்னது மேனேஜர் இல்லை, நான்தான். மீட்டிங்கில் நானாகக் கை தூக்கிச் சொன்னேன். பழைய படிவம் ஒரே நீளமான பக்கம். அதை நான்கு சின்னப் பக்கங்களாக உடைத்துப் புதுப் படிவம் ஒன்று செய்தேன். லைப்ரரி வந்த ஜார் ஃபைலைக் கொண்டுபோய் லிப் ஃபோல்டரில் போட்டு, தளத்துக்கு வருகிற தகவலை வாசலிலேயே பிடித்துப் பார்க்கிற ஃபில்டர் ஒன்றை எழுதி ஓட்டினால், முதல் நாளே பிள்ளைகளின் பெயரெல்லாம் கேள்விக்குறி கேள்விக்குறியாக வந்தது. தமிழ் எழுத்துக்களைச் சரியாகப் படிக்க வைக்கிற ஃபில்டருக்கு மேலே என் ஃபில்டரைப் போட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. கீழே இறக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றைக்கு இருந்த பெருமையைக் கேட்காதே. பெரிய சிக்கலைத் தாண்டிவிட்டேன் என்று ஆபீஸ் முழுக்க பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். உனக்கும் நான்கு பொட்டலம் கட்டி வந்தேன், நீ நெய்ச்சோற்றோடு தின்றாய்.

உண்மையான சிக்கல் எங்கே இருந்தது தெரியுமா? வருகிறவர் யார் என்று சொல்ல அந்த லைப்ரரி ஒரு அடையாளம் கேட்கும். அந்த அடையாளத்தை வைத்துத்தான் அது பழசா புதுசா என்று முடிவு செய்யும். ஒரே அடையாளம் வந்தால் எப்போதும் ஒரே படிவம்தான். ஒவ்வொரு மனிதருக்கும் மாறாத ஒரு அடையாளம் கொடுக்கவும் என்று குறிப்பில் இருந்தது. எங்கள் தளத்தில் லாகின் கிடையாது. பிளஸ் டூ பதிவு எண்ணைப் படிவத்தில் முதல் கேள்வியாக வாங்கி, அதை அடையாளமாகக் கொடுத்திருக்கலாம். அதற்கு இன்னும் இரண்டு நாள் வேலை. நான் சுலபமான வழியில் போனேன். பிரவுசரில் குக்கி என்கிற ஒரு சின்னக் குறிப்பைப் போட்டு, அந்தக் குக்கியின் எண்ணையே அடையாளமாகக் கொடுத்துவிட்டேன். என் மேஜைக் கம்ப்யூட்டரில் அது அழகாக வேலை செய்தது. என் மேஜைக் கம்ப்யூட்டரை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை.

சோதனை ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வரவேற்பில் இருந்த பெண் வந்து, "மேடம், உசிலம்பட்டி பக்கமிருந்து ஒருத்தர் வந்திருக்காரு, நர்சிங் அப்ளிகேஷன் விஷயமாம்" என்றாள். போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. பெயர் பெரியகருப்பன் என்றார். மகள் பாண்டிச்செல்வி அந்த வருஷம்தான் பிளஸ் டூ எழுதியிருந்தாள், உன்னைப் போல. அவளுடைய விண்ணப்பம் தள்ளுபடி என்று நெட் சென்டரில் காட்டியதாம். அறக்கட்டளைக்குப் போயிருக்கிறார். அவர்கள் எங்களுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர்காரர்களைக் கேளுங்கள் என்று எங்கள் விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் உள்ளே வந்து பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் பெயரில் இரண்டு விண்ணப்பம் இருந்தது. ஒரே ஆள் இரண்டு போட்டால் இரண்டையும் தள்ளிவிட வேண்டும் என்பது அறக்கட்டளை போட்ட விதி. முன்பு ஏதோ தரகர்கள் ஒரே பெயரில் பத்துப் பத்து போட்டிருந்ததால் அப்படி வைத்திருந்தார்கள்.

வெளியே வந்து, "அண்ணே, நீங்க ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. அப்படிப் போட்டா கழிச்சிருவாங்க. போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்திருக்கணும்ல?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. டீ குடிக்கப் போன இரண்டு பையன்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல தாயி, ரெண்டு போடல. முந்தாநாத்து பாதி போட்டோம். வருமானச் சான்று இல்லாம பாதியில நிறுத்திட்டு, நேத்து அத வாங்கிட்டு வந்து தொறந்தா ஒண்ணையும் காணோம். முந்தாநாத்து ஒரே நீளமா இருந்துச்சு. நேத்து துண்டு துண்டா இருந்துச்சு. சரின்னு மொதல்லருந்து போட்டோம்."

மஞ்சப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. ராசா, அந்தத் தளத்தில் இரண்டு படிவம் இருக்கிறது என்று இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஆள் நான். இரண்டாவது படிவத்தை என் கையால் செய்தவள். ஒருவருக்கு ஒன்றுதான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்பது வாஸ்தவம். ஆனால் நான் அவரிடம் சொன்னது அது இல்லை. சோதனை நடப்பது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது. "அப்படியெல்லாம் இருக்காதுண்ணே. எல்லாருக்கும் ஒரே பக்கம்தான். உங்க கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் சண்டை போட்டிருந்தால்கூட நான் இவ்வளவு வருஷம் சுமந்திருக்க மாட்டேன். என் முகத்தையே பார்த்தார். படித்த பொம்பளை, கழுத்தில் ஐடி கார்டு, பின்னால் அத்தனை கம்ப்யூட்டர். "இருக்கும் தாயி. இப்பல்லாம் கண்ணு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. இந்தப் புள்ளதான் எதையோ மாத்தி அமுக்கிருச்சு போல" என்று சொல்லிவிட்டு, "அப்ப வாரேன்" என்று படியிறங்கிப் போனார். நான் என் சீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது வரவேற்புப் பெண் அந்த இரண்டு தாளையும் கொடுத்தாள். மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நெட் சென்டரில் பிரின்ட் எடுத்தது. ஒன்றில் நீளப் படிவம், பாதி நிரம்பியது. மற்றதில் சின்னப் படிவத்தின் கடைசிப் பக்கம். இரண்டிலும் பாண்டிச்செல்வி, இரண்டிலும் ஒரே பதிவு எண், கீழே அடுத்தடுத்த நாள் தேதி. அந்த நெட் சென்டர் நம்பரும் தாளில் இருந்தது. போன் போட்டேன். "ஆமா மேடம், வைரஸ் தொல்ல தாங்காம ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கோம். ராத்திரி ஆஃப் பண்ணி காலைல ஆன் பண்ணா எல்லாம் புதுசு மாதிரி ஆயிரும்" என்றார் அங்கே இருந்தவர். என் குக்கி ஒவ்வொரு ராத்திரியும் அழிந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு காலையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் என் லைப்ரரிக்குப் புது மனிதர்கள். பழைய படிவத்தை நான் கெடுத்துவிடக் கூடாது என்று புதுப் படிவத்தின் தகவல்களைச் சேமிக்கத் தனி டேபிள் போட்டிருந்தேன். அதனால் ஒன்றில் பாதி போட்டது மற்றதில் தெரியாது, ஆனால் பதிவு எண்ணை வைத்து எண்ணும்போது அந்தப் பாதியும் ஒரு விண்ணப்பமாகச் சேர்ந்துவிடும். ஒரே நாளில் எல்லாத் தாளும் கையில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கும் நெட் சென்டருக்கும் அலைந்து, விடாமல் திரும்பி வந்து நிரப்பிய பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். இப்படி இரண்டு விழுந்து தள்ளுபடியானவர்களைத் தேடினேன், பார்க்கப் பார்க்கப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அவர் கதவைச் சாத்திவிட்டு, "மேடம், வெள்ளிக்கிழமை டெமோ. இப்ப நிறுத்துனா மூணு வாரக் கணக்கும் போச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, அப்புறம் நானே ட்ரஸ்ட்ல பேசுறேன்" என்றார். சோதனையை நிறுத்துவதற்கு ஒரு ஃபைலில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். அந்த ஃபைல் என் கையில்தான் இருந்தது. அறக்கட்டளைச் செயலாளருடைய போன் நம்பரும் இருந்தது. அவர்கள் பட்டியலை முடிக்கிற நாள் புதன்கிழமை என்பதும் தெரியும், நாள்காட்டியில் நானே வட்டம் போட்டு வைத்திருந்தேன். நான் எதையும் செய்யவில்லை. புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை டெமோ பிரமாதமாக நடந்தது. கிளையன்ட் போனில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

ஏன் பேசாமல் இருந்தேன் என்று அப்பா பிறகு கேட்டபோது, உன் படிப்புக்காக என்றேன். மார்க் வரப்போகிறது, இன்ஜினியரிங் சேர்க்க வேண்டும், இந்த நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது என்றேன். அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். இப்போது உன்னிடம் சொல்கிறேன், அது பொய். மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார், அந்தப் புரோகிராம் தெரிந்த ஆள் அங்கே வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தத் திரையை ஓட்டிக் காட்டி, நாற்பத்துமூன்று வயதில் நானும் ஒரு ஆள் என்று நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அவ்வளவுதான். உன்னை மறைப்பாக வைத்துக்கொண்டேன். மார்க்குக்காகக் காத்திருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக் காட்டி, இன்னொன்றை விட்டுவிட்டேன். இதற்கு நான் உன்னிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மேனேஜருக்குச் சொல்லாமல் நானே அறக்கட்டளைக்குப் போனேன். செயலாளர் வயதானவர், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "புதன்கிழமையே லிஸ்ட் போயிருச்சேம்மா. செவ்வாய்க்கிழமை ஒரு போன் பண்ணிருந்தா இவங்க எல்லாரையும் சேத்து வச்சே பாத்திருப்போமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அங்கலாய்ப்பாகத்தான் சொன்னார். மீதி ஏழோ எட்டோ இடம்தான் இருக்கிறது, தள்ளிய பிள்ளைகளைக் கூப்பிட்டு நேர்காணல் வைக்கிறேன் என்று என் நோட்டுப் பக்கத்தை வாங்கிக்கொண்டார். அங்கேயே அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சோதனையை நிறுத்தினேன். ஒரு வார்த்தை மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டுக் காதுகுத்து என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அது காதுகுத்து இல்லை. உசிலம்பட்டிக்குப் போனேன். நெட் சென்டர்காரர் வழி சொல்லி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இன்னும் அரை மணி நேரம். பெரியகருப்பன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், கயிற்றுக் கட்டிலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "தாயி, நீங்க சொன்னீகளேன்னு வெள்ளிக்கிழமை டவுன்ல கண்ணு காட்டப் போனேன். ஒரு நா பொழப்ப விட்டுட்டுத்தான் போனேன். எழுத்த எல்லாம் படிக்கச் சொல்லிப் பாத்துட்டு, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்ப அந்தப் பக்கம் எப்படித்தான் அப்படித் தெரிஞ்சுச்சுன்னு எனக்கு இன்னும் பிடிபடல" என்றார்.

நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு சொன்னேன். "அண்ணே, ரெண்டு பக்கம் இருந்துச்சு. ரெண்டையும் வச்சது நாந்தான். எது நல்லா இருக்குன்னு பாக்குறதுக்காக வச்சோம். நீங்க பாத்தது சரி. உங்க மக எதையும் மாத்தி அமுக்கல. எனக்குத் தெரிஞ்சேதான் அன்னைக்கு இல்லன்னு சொன்னேன்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். வாசலில் பாண்டிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள், நான் அப்போதுதான் பார்த்தேன். ஒல்லியான பெண், உன் உயரம் இருப்பாள். "ரெண்டு இருக்குன்னு அன்னைக்கே சொல்லிருந்தா எங்கப்பா என்னைய அடிச்சிருக்க மாட்டாருல்ல?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், உள்ளே போய்விட்டாள். பெரியகருப்பன் அவள் போன திசையைப் பார்த்தார். "அடிச்சது இல்ல தாயி, ரெண்டு போட்டேன் அவ்வளவுதான். நல்லாப் படிக்கிற புள்ள, இப்படிக் கெடுத்துக்கிருச்சேன்னு ஆத்திரம்" என்று எனக்குச் சொல்வது போல அவளுக்குச் சொன்னார். பிறகு என் முன்னாலேயே உள்ளே போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மோர் கொண்டு வந்தார். வாங்கிக் குடித்தேன்.

பாண்டிச்செல்வியை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நன்றாகத்தான் பேசினாளாம். ஆனால் இருந்த இடத்துக்கு மேல் பிள்ளைகள் நின்றார்கள், அவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு ஒரு கல்லூரியில் பணம் கட்டி நர்சிங் சேர்ந்தாள் என்று நெட் சென்டர்காரர் சொன்னார். அதற்காக எந்த மாட்டை விற்றார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஆபீஸில் ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். டிவி மேலே வைத்திருந்ததை நீ உன் கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டுவாய். வெள்ளையடிக்கும்போது உடைந்துபோனது என்று சொன்னேனே, உடையவில்லை. பரணில் பழைய கிரைண்டருக்குப் பின்னால் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை வந்தால் எடுத்துத் தூக்கிப்போடு.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்கு சின்னப் பக்கம்தான் நல்ல படிவம், இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். உன் லைப்ரரி அடையாளம் கேட்கும்போது அவசரப்படாமல் யோசி, நீ கொடுப்பது ஒரு மனிதரையா ஒரு இயந்திரத்தையா என்று பார். நீ உட்காருகிற ஏசி ரூமில் ஆளுக்கொரு லேப்டாப் இருக்கலாம், உன் தளத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒன்று இருக்கலாம். யாருக்கு எதைக் காட்டினாய் என்று எழுதி வை. நிறுத்துகிற அந்த ஒரு வார்த்தையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று உன் டீமில் முதலிலேயே பேசி முடித்துவிடு, டெமோவுக்கு முந்தின நாள் பேசினால் உனக்கும் என்னைப் போலத்தான் கை வராது. யாராவது வந்து நேற்று வேறு மாதிரி இருந்தது என்று சொன்னால், அவர்கள் நீட்டுகிற தாளைக் கையில் வாங்கிப் பார். வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

வேலையைப் பற்றி இல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, கண் காட்டப் போனேன் என்று அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். செக்கானூரணி தாண்டும்போது எனக்கு உன் ஞாபகம் வந்தது. உனக்கு ஆறு வயது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த அப்பா திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்குக் கிளம்பினார். ஆரப்பாளையத்தில் அவரை பஸ் ஏற்றிவிட நீயும் நானும் போயிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவரைக் காட்டி நீ, "அம்மா, அப்பா அழுறாரு" என்றாய். நான், "இல்லடா, கண்ணுல தூசி விழுந்துருச்சு" என்றேன். "இல்லம்மா, அழுறாரு" என்று திரும்பவும் சொன்னாய். "உனக்கு என்ன தெரியும், தூசின்னா தூசி" என்று அதட்டினேன். நீ அடங்கிவிட்டாய். நீ என்னை நம்பிவிட்டாய். பொங்கலுக்கு அப்பா வந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த கண் சொட்டு மருந்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, "தூசி விழுந்தா இத ஊத்திக்கப்பா" என்றாய். நாங்கள் இரண்டு பேரும் சிரித்து மழுப்பினோம். அப்போதுகூட உன்னிடம் உள்ளதைச் சொல்லத் தோன்றவில்லை. நீ பயந்துவிடக் கூடாது என்றுதான் செய்தேன். அதற்கப்புறம் நீ எதைப் பார்த்தாலும், "அது அப்படித்தானேம்மா?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நம்புவாய். காலேஜ் போகும் வரைக்கும் அப்படித்தான் இருந்தாய். அந்தப் பழக்கத்தை நான்தான் உனக்குக் கொடுத்தேன் என்று எனக்கு அந்த பஸ்ஸில்தான் உறைத்தது.

இதை எழுதுவதற்கு முன்னால் அப்பாவிடம் கேட்டேன், இதையும் எழுதட்டுமா என்று. பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய்த் தன் ஷேவிங் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பிளேடுக்கும் படிகாரத்துக்கும் நடுவில் அந்த மருந்துச் சீசா இருந்தது. லேபிள் உரிந்து, உள்ளே இருந்தது எப்போதோ காய்ந்துபோய்விட்டது. "எழுது. நீ சொன்னாத்தான் அவன் நம்புவான்" என்றார்.

அதனால் எழுதுகிறேன் ராசா. ஆரப்பாளையத்தில் அன்றைக்குத் தூசி எதுவும் விழவில்லை. அப்பா அழுதார். நீ பார்த்தது சரி.

அம்மா